மச்சான் சொல்ல எழுந்த சாட்சி

லிப்ட் கம்பெனியில் அவனுக்கு ஷாக்கு என்று பெயர். கரண்ட் வேலை பார்க்கிறவன் என்பதால் வந்த பெயர் இல்லை, தொட்டால் அடிப்பான் என்பதால் வந்தது. ஸ்டோரில் சாமான் கொடுக்கிறவர், "இன்னைக்கு ஷாக்கு எப்படி இருக்கார்?" என்று வாசலில் நிற்பவர்களிடம் விசாரித்துவிட்டுத்தான் ஸ்பேனரையே நீட்டுவார். ஐம்பத்திரண்டு வயது. தலை பாதி நரைத்துவிட்டது, கோபத்தில் ஒரு முடிகூட நரைக்கவில்லை.

கோபக்காரன்தானே தவிர, சோம்பேறி என்று எவனும் சொல்ல முடியாது. லிப்ட் குழியின் அடியில் தண்ணீர் தேங்கி, எலி செத்து மிதந்து, மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கும்போது, இவன்தான் பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு இறங்குவான். ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்கு எல்லாருக்கும் முன்னால் சபைக்குப் போய்க் கக்கூஸைக் கழுவுவான். சும்மா கழுவல் இல்லை, பீங்கானோடு தீராத பகை இருப்பவன் மாதிரி தேய்ப்பான். "எப்பேர்ப்பட்ட தாழ்மை பாருங்க" என்று சபைப் பெண்கள் அவன் மனைவியிடம் சொல்வார்கள். அவள் பெருமையாகத் தலையாட்டுவாள். அவன் காதில் விழுந்தால், "தாழ்மையாவது மண்ணாங்கட்டியாவது" என்று வாளியை நங்கென்று வைப்பான்.

தாழ்மை இல்லைதான். அது தண்டனை. அவனே தீர்ப்பு எழுதி, அவனே அனுபவித்துக்கொண்டிருந்தது, பன்னிரண்டு வருஷமாக.

சங்கதி இதுதான். கதவு சரியாக மூடாமல் லிப்ட் நகராது. அதற்கென்று கதவில் ஒரு சுவிட்ச் உண்டு. ரிப்பேர் பார்க்கிறவன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டே லிப்டை ஓட்டிப் பார்க்க வேண்டியிருந்தால், மேலே பேனல் பெட்டியில் ஒரு துண்டு வயரைப் போட்டு அந்த சுவிட்சை ஏமாற்றுவான். வேலை முடிந்ததும் வயரை உருவிவிட வேண்டும். மறந்தால் திறந்த கதவோடு லிப்ட் ஓடும், ஆளை அறுக்கும். அதனால்தான் கம்பெனியில் ஒரு சட்டம்: ஆளுக்கு ஒரு சிவப்பு வயர், ஒரு கை நீளம். அது உள்ளே இருந்தால் பேனல் கதவு மூடாது. நாக்கைத் துருத்திக்கொண்டு வெளியே தொங்கும். மறக்க நினைத்தாலும் மறக்க விடாது.

ஷாக்குக்கு அந்த நீளம் பிடிக்கவில்லை. கையில் சிக்குது, காலில் சிக்குது என்று ஒருநாள் யாருக்கும் தெரியாமல் தன் வயரை ஒரு சாண் அளவுக்கு நறுக்கிக்கொண்டான். மறக்கிறவனுக்குத்தானே நீளம் வேண்டும், எனக்கெதற்கு என்ற திமிர்.

ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றில் ஒரு சாயங்காலம் அவனும் மச்சானும் வேலை பார்த்தார்கள். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். இன்னொரு இடத்தில் லிப்டில் ஆள் மாட்டிக்கொண்டதாகப் போன் வந்தது. ஷாக்கு பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். "எல்லாம் முடிஞ்சுது மச்சான். பேனலை மூடிட்டு கையெழுத்தைப் போட்டுடு." மச்சான் மேலே போனான். நூறு வயருக்கு நடுவில் ஒரு சாண் வயர் கண்ணில் படவில்லை. பேனல் கதவு பதவிசாக மூடிக்கொண்டது. மூடினால் உள்ளே ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் காலை மூன்றாம் மாடியில் ஒரு தையல்காரம்மா துணி மூட்டையோடு லிப்டில் கால் வைத்தாள். கதவு திறந்திருக்கும்போதே லிப்ட் எழும்பியது. வலது காலைக் கணுக்காலுக்கு மேலே எடுக்க வேண்டியதாகிவிட்டது.

இதுவரை நடந்தது கவனக்குறைவு. இதற்குப் பிறகு நடந்ததுதான் பாவம். பேனலைத் திறந்து அந்தக் குட்டை வயரை விசாரணைக்கு வந்த பெரிய அதிகாரி எடுத்துவிட்டார். நாளைக்கு எல்லாரும் அவரவர் சிவப்பு வயரைக் காட்ட வேண்டும் என்று உத்தரவு. பைகளெல்லாம் கம்பெனி அலமாரியில் இருந்தன. ஷாக்கு மத்தியானம் டீ நேரத்தில் உள்ளே போனான், மச்சான் பையில் கைவிட்டான், அவன் வயரை எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான். அரை நிமிஷ வேலை. மறுநாள் இவன் முழு நீள வயரைக் காட்டினான். மச்சான் பையைக் கவிழ்த்துக் கவிழ்த்துத் தேடினான். வேலை போனது, லைசென்ஸ் போனது. நிச்சயமாகியிருந்த கல்யாணம், காலை எடுத்தவன் என்று பெயர் வந்ததில் நின்றுபோனது.

அன்றிலிருந்து மச்சான் ஒரு கிடங்கு வாசலில் வாட்ச்மேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் தங்கச்சி வீட்டில் சாப்பாடு. தனிக்கட்டை. இப்போது நாற்பத்தெட்டு.

அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் அவன் முகமெல்லாம் பல்லாக வந்து உட்கார்ந்தான்.

"என்ன அண்ணே, லாட்டரி அடிச்ச மாதிரி இருக்கே?" என்றாள் தங்கச்சி.

"அதுக்கும் மேல. இந்த ஞாயிறு நான் சாட்சி சொல்லப் போறேன்."

சாட்சி என்றால், ஆராதனையில் பாட்டு முடிந்ததும் ஒருவர் எழுந்து நின்று, ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சபை முன்னால் சொல்வது. வியாதி குணமானதைச் சொல்வார்கள், குடியை விட்டதைச் சொல்வார்கள். மச்சான் இத்தனை வருஷத்தில் வாயே திறந்ததில்லை.

"எதைப் பத்தி?" என்றான் ஷாக்கு. வாய்க்குப் போன சோறு பாதியில் நின்றது.

"எதைப் பத்தியா? அந்தத் தையல்காரம்மா காலைப் பத்திதான். முதல்ல எல்லாம் நான் வயரை விடலை, நான் விடலைன்னு கத்திக்கிட்டே இருந்தேனே மாப்ளே. அப்புறம் யோசிச்சேன். என் பையில வயர் இல்லை. அப்போ பேனல்ல இருந்தது யாருது? என்னுதுதான். எப்போ நறுக்கினேன், எப்போ போட்டேன், ஒண்ணும் ஞாபகம் இல்லை. ஆனா நான்தான். போன வாரம் ஜெபத்துல அதை ஒத்துக்கிட்டு அழுதேன் பாரு, நெஞ்சுல இருந்த பாறாங்கல்லை யாரோ தூக்கிப் போட்ட மாதிரி ஆயிடுச்சு. மன்னிச்சிட்டார் மாப்ளே. ஓசியில மன்னிச்சிட்டார்."

தங்கச்சி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். ஷாக்குக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தான் செய்த பாவம். தான் சாக்கடையிலும் கக்கூஸிலும் தேய்த்துத் தேய்த்துப் போகாத பாவம். அதற்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு வந்து இவன் சிரிக்கிறான்.

"நீ ஒண்ணும் எழுந்து நிக்க வேண்டாம்" என்றான்.

"ஏன்?"

"ஏன்னா வேண்டாம். ஊர் சிரிக்கும். முடிஞ்சுபோனதை எதுக்குக் கிளறுறே?"

"முடியலையே மாப்ளே. அந்தம்மாகிட்ட நான் இன்னும் மன்னிப்புக் கேக்கலை. ஞாயித்துக்கிழமை அவங்களையும் கூட்டிக்கிட்டு வரேன். எல்லார் முன்னாடியும் கேக்கப் போறேன்."

ஷாக்கு தட்டைத் தள்ளினான். அது சுவர்வரை போய் மோதிச் சுற்றி நின்றது.

"பைத்தியமாடா உனக்கு?"

"அண்ணனை டா போடாதீங்க" என்றாள் மனைவி. "அவராவது நிம்மதியா இருக்கட்டும். நீங்கதான் ஆளைக் கண்டா குதறுறீங்க."

மறுநாள் காலை ஷாக்கு போதகரைத் தேடிப் போனான். போதகருக்கு வாரத்தில் ஆறு நாள் இஸ்திரிக் கடை. சட்டைக் காலர்மேல் பெட்டியை ஓட்டிக்கொண்டே, நிமிராமல், "வாங்க ஷாக்கு" என்றார்.

"நாளைக்கு எங்க மச்சானைச் சாட்சி சொல்ல விடாதீங்க."

"ஏனாம்?"

"விடாதீங்கன்னா விடாதீங்க."

"உங்க கம்பெனியில இப்படித்தான் லிப்டை நிறுத்துவீங்களா, காரணம் சொல்லாம?" போதகர் சட்டையைத் திருப்பிப் போட்டார். "அவர் மனசு உடைஞ்சு ஒத்துக்கிட்டார். ஆண்டவர் மன்னிச்சார். இதுல உங்களுக்கு எங்க வலிக்குது?"

"அவன் செய்யலைன்னா?"

இஸ்திரிப் பெட்டி நின்றது. போதகர் அதை நிமிர்த்தி வைத்துவிட்டு முதல் தடவையாக இவன் முகத்தைப் பார்த்தார். அப்படிப் பார்த்ததும் ஷாக்குக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஏன் அப்படிப் பாக்குறீங்க? பன்னிரண்டு வருஷமா உங்க சபைக் கக்கூஸைக் கழுவுறேன். தெரியுமில்ல?"

"தெரியும். சுத்தமா இருக்கு. நன்றி. ஆனா அது கழுவினதால சுத்தமாச்சு. அதைக் கழுவினா நீங்க எப்படி சுத்தமாவீங்க?"

"அப்போ நான் பட்டதெல்லாம் வீணா?"

"வீண்தான். உங்களை யார் படச் சொன்னா? ஒரு மனுஷனுடைய பாவத்துக்குப் பட வேண்டியதை ஒருத்தர் சிலுவையில பட்டுட்டார். அது போதாதுன்னு நீங்க வாளியும் பிரஷுமா நிக்கிறீங்க."

"கொலைகாரன் வந்து கேட்டாலும் சும்மா கொடுத்துடுவாரா உங்க ஆண்டவர்?"

"கொடுப்பார்."

"இது நியாயமா சாமி?"

"நியாயமே இல்லை" என்றார் போதகர். அவருக்கும் குரல் உயர்ந்துவிட்டது. "அதுக்குப் பேரு கிருபை. நியாயம்தான் வேணும்னா நீங்களும் நானும் இந்தக் கடை வாசலைத் தாண்ட மாட்டோம். ஷாக்கு, நான் ஒண்ணு சொல்றேன், அடிக்க வராதீங்க. நீங்க செய்றது தண்டனை இல்லை. ஒளிஞ்சுக்கிற இடம். கக்கூஸ் கதவைச் சாத்திக்கிட்டா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க, அவ்வளவுதான்."

ஷாக்கு மேஜையைக் குத்தினான். மடித்து வைத்திருந்த துணி சரிந்தது.

"உங்க மச்சான் வாயை என்னால மூட முடியாது" என்றார் போதகர், துணியைப் பொறுக்கியபடி. "உங்க வாயை என்னால திறக்கவும் முடியாது. போங்க."

அன்று மத்தியானம் ஒரு பழைய ஆஸ்பத்திரிக் கட்டடத்தில் குழித் தண்ணீர் இறைக்கிற வேலை. லிப்டை மேலே நிறுத்திப் பூட்டிவிட்டு ஷாக்கு இறங்கினான். முழங்கால்வரை கறுப்புத் தண்ணீர். ஒவ்வொரு வாளியை மொண்டு ஏற்றும்போதும் போதகரைத் திட்டினான், பிறகு மச்சானைத் திட்டினான், பிறகு ஆள் தீர்ந்துபோய் ஆண்டவரையே பிடித்தான்.

"உமக்குக் கண்ணு இருக்கா இல்லையா? தப்பு செஞ்சவன் இங்க சேத்துல நிக்கிறேன். தப்பு செய்யாதவனைக் கூப்பிட்டு மன்னிச்சு அனுப்புறீரே. விலாசம் தெரியாதா உமக்கு? எனக்கு வேண்டாம் உம்ம இலவசம். அடிக்கணும்னா அடியும். கையை எடுத்துக்கும், காலை எடுத்துக்கும். அந்தம்மாவுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும். பன்னிரண்டு வருஷமா இறங்குற ஒவ்வொரு குழியிலேயும் தலையைக் கொடுத்துக்கிட்டு நிக்கிறேனே, ஏன் அடி விழ மாட்டேங்குது?"

கத்தல் குழிக்குள் மோதி மேலே போனது. பதில் ஒன்றும் வரவில்லை. அந்த அமைதியில்தான் அவனுக்கு உறைத்தது: ஆண்டவர் என்று இத்தனை நாள் அவன் பயந்து நடுங்கியது அந்த விசாரணை அதிகாரியைத்தான். எந்தப் பையில் என்ன இருக்கிறது என்று கவிழ்த்துப் பார்க்கிற ஆள். அவருக்குப் பயந்துதான் அடி வாங்கக்கூடத் தயாராக இருந்தான், வாயைத் திறக்க மட்டும் தயாராக இல்லை.

வாளியை விட்டான். சுவரில் கை ஊன்றிக்கொண்டான்.

"நான்தான்" என்றான். "வயரை நறுக்கினது நான்தான். விட்டுட்டுப் போனது நான்தான். அவன் பையில கையை விட்டது நான்தான். இதுக்கு என்கிட்ட கொடுக்க ஒண்ணும் இல்லை. நீர் சும்மா கொடுத்தா உண்டு, இல்லைன்னா இல்லை."

வெளிச்சம் வரவில்லை, பாட்டு கேட்கவில்லை. தண்ணீர் அதே நாற்றம் அடித்தது. ஆனால் பன்னிரண்டு வருஷமாக அடிவயிற்றில் இறுக்கிப் பிடித்திருந்த ஏதோ ஒன்று, கெண்டைக்காலில் பிடித்த சதை விடுகிற மாதிரி, மெல்ல மெல்ல விட்டது. விழப்போகும் அடிக்காகக் குறுக்கியிருந்த தோள் தானாக இறங்கியது. அடி வராது என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது. அது ஏற்கெனவே வேறொருவர்மேல் விழுந்து முடிந்துவிட்டது. ஒரு வயசுப் பிள்ளை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான். அழுதுகொண்டே கோபப்பட்டான், இவ்வளவுதானா, இதற்கா பன்னிரண்டு வருஷம் என்று.

ஞாயிறு காலையில் கக்கூஸைக் கழுவப் போகவில்லை. நேரே மச்சான் அறைக்குப் போனான், தனியாகச் சொல்லிவிடலாம் என்று. பூட்டியிருந்தது. தையல்காரம்மாவைக் கூட்டி வர அவன் முன்பே கிளம்பிவிட்டான்.

இவன் சபைக்குள் நுழையும்போது பாட்டு முடிந்துவிட்டது. முதல் வரிசையில் கைத்தடியோடு தையல்காரம்மா உட்கார்ந்திருந்தாள். மச்சான் எழுந்து நின்று, சலவைச் சட்டையோடு, "என் கவனக்குறைவால ஒரு சகோதரிக்கு" என்று ஆரம்பித்தான்.

"உக்காரு மச்சான்" என்றான் ஷாக்கு, வாசலில் நின்றபடியே. "அது உன்னுது இல்லை. என்னுது. அந்தக் குட்டை வயர் என்னுது."

சபை முழுக்கத் திரும்பியது. மச்சான் முகம் மலர்ந்தான். "பாத்தீங்களா? என் மாப்ளே எனக்காகப் பழியைத் தன் தலையில போட்டுக்கப் பாக்குறார். இப்படி ஒரு அன்பு யாருக்கு வரும்?" பின்வரிசையில் யாரோ ஸ்தோத்திரம் என்றார்கள். நாலு பேர் கண்ணைத் துடைத்தார்கள். ஒரு பெரியவர் எழுந்து ஷாக்கைக் கட்டிப்பிடிக்கக் கை விரித்து வந்தார்.

"யோவ், தள்ளுய்யா" என்றான் ஷாக்கு. பாவத்தை ஒத்துக்கொள்ள வந்தவனுக்கு மாலை போடப் பார்க்கிறார்களே என்று பற்றிக்கொண்டு வந்தது. "மச்சான், உன் வயர் நுனியில பச்சை டேப் சுத்தி வெச்சிருந்தே. நாலு சுத்து. ஞாபகம் இருக்கா?"

"ஆமா."

"அது என் பையில இருக்கு. விசாரணைக்கு முந்தின நாள் உன் பையிலேருந்து நான் திருடினேன். டேப்பை உரிச்சுட்டுத்தான் மறுநாள் காட்டினேன். நீ தேடித் தேடி அழுதே. நான் பக்கத்துல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன்."

மச்சான் முகத்தில் இருந்த சிரிப்பு உடனே போகவில்லை. போக வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. பிறகு நடந்து வந்தான். வந்து அறைந்தான். ஷாக்கின் கண்ணாடி பறந்து போதகர் காலடியில் விழுந்தது. ஷாக்கு கன்னத்தைக் கூடத் தடவவில்லை. இரண்டாவது அறைக்குக் கை ஓங்கி, ஓங்கியபடியே வைத்திருந்து, மச்சான் தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் செஞ்சேன்னு நம்பிட்டேனேடா" என்றான். "என்னையே நான் நம்பாமப் போயிட்டேனே."

தையல்காரம்மா தடியை ஊன்றி எழுந்தாள். ஷாக்குப் பக்கம் திரும்பவே இல்லை. மச்சான் முன்னால் போய் நின்றாள். "தம்பி, நான் தினமும் காலையில கட்டைக் காலை மாட்டும்போது உங்களைத்தான் சபிச்சேன். ஆள் மாறிப்போச்சு. நீங்க என்னை மன்னிக்கணும்." பிறகு வெளியே போகும் வழியில் ஷாக்கைத் தாண்டும்போது, "உனக்குச் சொல்ல என்கிட்ட இன்னைக்கு ஒண்ணும் இல்லை" என்றாள்.

திங்கட்கிழமை ஷாக்கு கம்பெனிக்குப் போய், நடந்ததை இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தான். அவன் எழுத்து அவனுக்கே புரியாது என்பதால் ஸ்டோர்காரர்தான் திரும்ப எழுதினார். எழுதி முடித்து, "இப்போ உம்மகிட்டப் பேசவே பயமா இல்லைய்யா, கேவலமா இருக்கு" என்றார். வேலை அன்றைக்கே போனது. வழக்கு வரும் என்றார்கள். வரட்டும் என்றான். மச்சானைக் கூப்பிட்டு லைசென்ஸைத் திருப்பிக் கொடுக்க ஏற்பாடு நடந்தது. வீட்டில் மனைவி சோறு போடுவாள், பேச மாட்டாள். ஒரே ஒரு தடவை, துணி மடித்துக்கொண்டிருந்தபோது, "பன்னிரண்டு வருஷமா எங்க அண்ணனுக்கு உங்க பக்கத்துலயே தட்டு வெச்சேனே, அப்போ உங்களுக்குச் சோறு எப்படி இறங்குச்சு?" என்று கேட்டாள். பதில் இல்லை என்றே சொன்னான். முன்பென்றால் ஏதாவது ஒன்றைத் தூக்கி எறிந்திருப்பான்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு ஞாயிறு காலை வாசலில் மச்சான் நின்றான். உள்ளே வரவில்லை.

"உன்னைப் பாக்க வரலை. கேக்க வந்தேன்" என்றான். "ராத்திரி தூங்குறியா?"

"தூங்குறேன் மச்சான்."

"எப்படிடா தூங்குறே? என் கல்யாணத்தைக் கெடுத்தே, என் தொழிலைக் கெடுத்தே, என் புத்தியையே கெடுத்தே. நான் விட்டத்தைப் பாத்துக்கிட்டுப் படுத்திருக்கேன், நீ தூங்குறே. இது எந்த ஊர் நியாயம்?"

"நியாயம் இல்லை. எனக்கே அதுல கோபம்தான். நான் சம்பாதிச்ச தூக்கம் இல்லை அது."

"உன்னை மன்னிப்பேன்னு நினைக்காதே."

"நினைக்கலை. நீ மன்னிச்சாத்தான் நிமிர்ந்து நிக்கலாம்னு இருந்தா, நான் அன்னைக்கு வாயே திறந்திருக்க மாட்டேன். நீ அறைவேன்னு தெரிஞ்சுதான் வந்தேன்."

மச்சான் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

"அன்னைக்கு நான் செய்யாத பாவத்தைக் கொண்டுபோய் அழுதேன். இப்போ நிஜமாவே ஒண்ணு இருக்கு. உன்னைக் கொல்லணும் போல இருக்கு. கிடங்கு வாசல்ல உக்காந்துக்கிட்டு, எப்படிக் கொல்லலாம்னு விதவிதமா யோசிக்கிறேன். லிப்ட் குழியில தள்ற மாதிரி கூட யோசிச்சேன்."

"அதைச் சபைக்குக் கொண்டு போ மச்சான். அங்க அதையும் வாங்கிக்கிறாங்க."

"நீ சொல்லி நான் போகணுமா?"

"நான் சொல்லலை. ஆண்டவர் சொல்றார்."

மச்சான் காறித் துப்புவது போல ஏதோ சொல்லிவிட்டுப் படியிறங்கினான். சபை இருக்கிற பக்கம்தான் திரும்பினான். ஷாக்கு சட்டையை மாட்டிக்கொண்டு பத்தடி தள்ளிப் பின்னால் நடந்தான். தெருமுனையில் மச்சான் திரும்பிப் பார்த்தான்.

"பின்னாடியே வராதேடா."

"சபைக்கு இந்த ஒரு தெருதானே மச்சான் இருக்கு."

மச்சான் அப்படியே கோபமாக முன்னால் நடந்தான். வேகமாகத்தான் நடந்தான், ஆனால் திரும்பிப் போகவில்லை.